செஸ்டருக்கு முன்சீட்டில்

தமிழா? அப்படித்தான் நினைத்தேன். போனில் யாரையோ "கேஸ மூடிட்டியா, மூடிட்டியா" என்று விடாமல் கேட்டீர்கள். தோஹா விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு யார் அதைக் கேட்கப் போகிறார்கள்? இங்கே உட்காரலாமா? பையை எடுக்க வேண்டாம், எனக்கு இந்த இடம் போதும்.

மான்செஸ்டருக்கா? நான் அங்கிருந்துதான் வருகிறேன். சென்னை விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மகன் வீடா, மகள் வீடா? மகனா? அப்படியானால் நம் கட்சி. மகள் என்று சொல்லியிருந்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போயிருப்பேன். மருமகளின் அம்மா முன்னாலேயே போய்விட்டாரா? பிரசவத்துக்கு. ம். எல்லா வீட்டிலும் அதுதான். பெண்ணைப் பெற்றவர்கள் பிரசவத்துக்குப் போவார்கள், நாம் மெதுவாகப் போவோம். முறை அப்படி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் என்னென்ன நடந்துவிடுகிறது என்று கேளுங்கள்.

எனக்கு அருப்புக்கோட்டை. மகன் பெயர் சிவநேசன். மான்செஸ்டரை ஒட்டி ஒரு சின்ன வீடு. மருமகள் சிந்துஜா, பொள்ளாச்சிப் பெண். அவர்களே பார்த்து முடிவு செய்துகொண்டார்கள், நாங்கள் மண்டபம் மட்டும் பார்த்தோம். சம்பந்தி பெயர் வனஜா. பிரசவத்துக்கு வந்து, விசா முடிந்து ஊருக்குப் போய், எனக்கு முன்னாலேயே திரும்பவும் வந்துவிட்டார். நல்ல மனுஷிதான். எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவார். பக்கத்து வீட்டு நாய் வாசலில் படுத்திருந்தால் "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பார். அந்த நாயும் தள்ளிக்கொள்ளும்.

நான் போய் இறங்கிய அன்று மகன் கார் கொண்டுவந்திருந்தான். முன்சீட்டில் யார்? சம்பந்தி. யோசித்துப் பாருங்கள். என் மகனுடைய கார். நான் ஊரிலிருந்து முதல் தடவையாக வந்து இறங்குகிறேன். முன்சீட்டில் பெண் வீட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குச் சண்டை போடுகிற பழக்கம் கிடையாது. முன்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மகன் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து, "எம்மா, பின்னாடி ஏறு" என்றான். நான் நின்றேன். "எம்மா, இங்க ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது" என்றான். நின்றேன். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அந்த ஊரில் யாரும் ஹாரனைத் தொடுவதே இல்லை என்று பிறகு சொன்னார்கள். சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. இறங்கி, "நீங்க முன்னால உக்காருங்க சம்பந்தி, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க" என்றார்.

ஒண்ணுதானாம். அது எப்படி ஒன்றாகும்? என் நாத்தனார் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவை வேனின் கடைசி சீட்டில், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த இரண்டு குடும்பமும் பேசுவதில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள், அது வேறு. உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வீட்டார் எங்கே உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாளே விட்டுக்கொடுத்தால் முடிந்தது. அன்றிலிருந்து கடைக்கானாலும் கோயிலுக்கானாலும் முன்சீட்டு எனக்குத்தான்.

அந்த வீட்டில் ஒரு அறைதான் மிச்சம். அதில் நாங்கள் இரண்டு சம்பந்திகளும், ஒரே கட்டிலில். நான் சுவர்ப்பக்கம். அதுதான் மரியாதையான பக்கம், யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். சம்பந்தி கதவுப்பக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிந்துஜா திரும்ப வேலைக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். ஆக, எங்களில் ஒருவர் இருக்க வேண்டும், ஒருவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். யார் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. "சனிக்கிழமை எல்லாரும் செஸ்டர் போய்ட்டு வருவோம். வந்து பேசிக்கலாம்" என்றான் மகன். செஸ்டர் பழைய ஊர். ரோமானியர்கள் கட்டியது, சுற்றிலும் கோட்டைச் சுவர். காரில் ஒரு மணி நேரம்.

எனக்கு இருந்தே தீர வேண்டும் என்றெல்லாம் இல்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? சம்பந்திக்கு ஊரில் வீட்டுக்காரர் இருக்கிறார், தென்னந்தோப்பு இருக்கிறது. அவர் தினமும் போன் செய்து, "தேங்கா போடற ஆளு வந்துட்டானே, என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார். என்னை யார் கேட்கிறார்கள்? எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நானும் டிவியும்தான். பொங்கல் கழித்துத்தான் வருவேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். துளசிச் செடியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் சிந்துஜாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன், சாதாரணமாகத்தான். "அப்படிங்களா அத்தை" என்றாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. அக்டோபரில் அங்கே அப்படித்தானாம். சம்பந்தி சீக்கிரமே எழுந்து புளிசாதமும் உருளைக்கிழங்கும் செய்து டப்பாவில் அடைத்திருந்தார். நான் உப்புப் பார்த்துச் சொன்னேன். காருக்கு வந்ததும் சிந்துஜா, "அத்தை, இன்னைக்கு நான் முன்னால உக்காரட்டுங்களா? வழி பாத்துச் சொல்லணும்" என்றாள். "வழிதானே, நான் சொல்றேன்" என்றேன். "அது போன்ல பாக்கணுங்க அத்தை." "குடு, நான் பிடிச்சுக்கிறேன்." மகன் வானத்தைப் பார்த்தான். மழைதான் பெய்துகொண்டிருந்தது, அதில் பார்க்க என்ன இருக்கிறது? சிந்துஜா பின்னால் ஏறினாள். நடுவில் சம்பந்தி, அந்தப் பக்கம் பாப்பா.

பாப்பாவுக்கு ஏழு மாதம். காரில் அவளைப் பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு கூடை நாற்காலியில் கட்டி வைக்க வேண்டும். அந்த ஊர்ச் சட்டம். முன்சீட்டிலிருந்து திரும்பினால் நாற்காலியின் முதுகுதான் தெரியும், கறுப்பாக. சரியாகத் திரும்பவும் முடியாது, பெல்ட் கழுத்தைப் பிடிக்கும். தலைக்கு மேலே ஒரு மடிப்புக் கண்ணாடி இருக்கிறது, இறக்கிப் பார்த்தேன். என் பொட்டு கோணலாக இருந்தது தெரிந்தது. சரிசெய்துகொண்டேன்.

பின்னால் சம்பந்தி ஏதோ விளையாட்டுக் காட்டிக்கொண்டு வந்தார். முந்தானையால் முகத்தை மூடுவதும் எடுப்பதுமாக இருக்க வேண்டும். "எங்க போயிட்டாங்க, அம்மாயி எங்க போயிட்டாங்க... இங்கிருக்கறாங்க!" அவர்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவளுக்கு அம்மாயி என்று பெயர். திரும்பத் திரும்ப அதேதான். ஏழு மாதக் குழந்தைக்கும் 'ங்க'. திடீரென்று பாப்பா சத்தம் போட்டுச் சிரித்தது. அதுவரை லேசாக ஒரு சத்தம் காட்டும், அவ்வளவுதான். இப்படி விழுந்து விழுந்து சிரித்தது அன்றுதான். "நேசன், சிரிக்கறா! கேட்டீங்களா? பஸ்ட் டைம்!" என்று சிந்துஜா கத்தினாள். மகன் காரை ஓரம் கட்டப் போனான், அங்கே நிறுத்தக் கூடாது என்பதால் சிரித்துக்கொண்டே ஓட்டினான். எனக்கும் நன்றாகக் கேட்டது. எனக்கு முன்னால் ஒரு பால் லாரி போய்க்கொண்டிருந்தது.

செஸ்டர் வந்ததா? வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம். காரை அங்கே நிறுத்திவிட்டு, "எறங்கும்மா, இனிமே பஸ்" என்கிறான். பஸ்ஸா? "எம்மா, உள்ள தெருவெல்லாம் குறுகல். நிறுத்த இடம் கெடைக்காது. இங்க எல்லாரும் இப்படித்தான் போறாங்க." நீங்களே சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் காரில் வருகிறவனை ரிங் ரோட்டிலேயே இறக்கிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏறுவானா? காரில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊருக்குள் பஸ்ஸில் போய் இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "யாரும்மா பாக்கப் போறா?" என்றான். கோட்டை வாசலில் காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். அது போயிற்று.

பஸ் வந்தது. மாடி பஸ். தள்ளுவண்டியோடு மேலே ஏற முடியாது, பாப்பாவும் சம்பந்தியும் சிந்துஜாவும் கீழே நின்றுகொண்டார்கள். நான் மாடியில் போய் முதல் வரிசையில் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தேன். மகன் துணைக்கு வருவான் என்று பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்தேன். அவன் படிக்கட்டில் பாதி ஏறி, "எம்மா, சரியா உக்காந்திட்டியா? நான் கீழ வண்டியப் பிடிச்சுக்கிறேன்" என்று இறங்கிவிட்டான். என்ன காட்சி தெரியுமா! மரக்கிளைகள் கண்ணாடியில் உரசுகின்றன. சர்ச் கோபுரம் தெரிகிறது. ஊரையே ராணி மாதிரி பார்த்துக்கொண்டு போனேன். கைப்பையும் பக்கத்தில் சௌகரியமாக வந்தது.

ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் அடித்த வீடுகள். கடைக்கு மேல் கடை, மாடியிலேயே நடைபாதை. அங்கேயும் படி, தள்ளுவண்டி வராது. அப்புறம் கோட்டைச் சுவர். அதன்மேல் ஊரைச் சுற்றி நடக்கலாம். "சம்பந்தி, வாறீங்களா?" என்று கேட்டேன், மரியாதைக்கு. "நீங்க போய்ட்டு வாங்க, நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டறேனுங்க" என்றார். சுவரை ஒட்டிக் கீழே ஒரு தோட்டம், ரோமானியர் காலத்துத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். மழை விட்டிருந்தது. அங்கே ஒரு பெஞ்சைத் துடைத்துவிட்டு அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நானும் மகனும் மேலே ஏறினோம்.

தனியாகக் கிடைத்தானே என்று பேச்சை எடுத்தேன். "நேசா, யார் இருக்கிறதுன்னு பேசிட்டீங்களா?"

"எம்மா, இந்தச் சொவரு ரோமன்காரன் ஆரம்பிச்சது. ரெண்டாயிரம் வருசம்."

"சொவரு எங்கயும் போயிராது. நான் கேட்டதுக்குச் சொல்லு."

அவன் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தான். பிறகு, "பாப்பா ராத்திரி எத்தன வாட்டி எந்திரிக்கிறான்னு ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

"எந்திரிக்கிறாளா?"

என்னையே பார்த்தான். "ஒண்ணுமில்ல. தரை ஈரமா இருக்கு, பாத்து வா."

என்ன கேள்வி பாருங்கள். பாப்பா தங்கமான குழந்தை, ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். அதில் அப்படியே என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது. நான் இருந்த நாளில் ஒரு தடவைகூட அது அழுது நான் விழித்ததில்லை.

மேலே இருந்து எட்டிப் பார்த்தேன். பச்சைப் புல், உடைந்த தூண்கள், நடுவில் சம்பந்தியின் மாம்பழக் கலர் புடவை. பாப்பா மடியில். கிண்ணத்திலிருந்து ஒரு வாய் ஊட்டுவதும், தூணைக் காட்டுவதும், அடுத்த வாய் ஊட்டுவதும். "சம்பந்தி!" என்று கூப்பிட்டேன். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி நிமிர்ந்து, பாப்பாவின் கையைப் பிடித்து என் பக்கம் ஆட்டினார். பாப்பா தூணையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற ஆளைக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

சுவர்மேல் ஓர் இடத்தில் வண்ண வண்ணமாகப் பெரிய கடிகாரம் இருக்கிறது. எல்லோரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகன் என்னையும் எடுத்தான். நல்ல படம், சேலை மடிப்பெல்லாம் தெரிந்தது. உடனே நாத்தனாருக்கு அனுப்பினேன். அனுப்பின மறு நிமிஷமே பதில். "பேத்தி எங்கே?" அவளுக்கு எப்போதுமே பொறாமை. பத்திரமாக இருக்கிறாள் என்று போட்டேன்.

திரும்பும்போதுதான் அந்தச் சங்கடம். மறுபடியும் மாடி பஸ், மறுபடியும் கார், நல்ல மழை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சத்தமே இல்லை. "அம்மா, என்னாச்சு? மூஞ்சி வெளுத்திருக்குது" என்றாள் சிந்துஜா. சம்பந்திக்குத் தலைசுற்றல். காலையிலும் அப்படித்தான் இருந்ததாம், சொல்லவில்லையாம். குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டே வந்தால் சுற்றத்தானே செய்யும். "பரவால்லீங்க, ஒரு கவர் இருந்தாக் குடுங்க" என்றார்.

பெட்ரோல் பங்க் மாதிரி ஓர் இடத்தில் மகன் காரைத் திருப்பி நிறுத்தினான். நிறுத்திவிட்டு என்னிடம், "எம்மா, அத்தை முன்னாடி உக்காரட்டும். நீ பின்னாடி பாப்பாகிட்ட உக்காந்துக்க" என்றான்.

வைப்பர் மட்டும் ஓடியது.

நான் நினைத்ததைச் சொல்கிறேன், நீங்கள் நம் கட்சி என்பதால் சொல்கிறேன். மாலையோ மறுநாளோ முடிவு சொல்லப் போகிறார்கள். இந்த நேரத்தில் நான் இறங்கிப் பின்னால் போனால் அதற்கு என்ன அர்த்தம்? முன்சீட்டில் அவரோடு வீட்டு வாசலில் போய் இறங்கினால் முடிந்தது கதை. இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆண்பிள்ளைக்குத் தெரியாது. "எனக்குந்தான் தலை சுத்துது" என்றேன்.

"எம்மா."

"சொல்ல வேண்டாம்னு பாத்தேன். காலையில இருந்தே சுத்துது."

"விடுங்க மாப்ள," என்றார் சம்பந்தி, கவரை வாயருகில் பிடித்துக்கொண்டே. "சம்பந்திக்கு முடியலைன்னா அவங்க அங்கயே இருக்கட்டுங்க." சொல்லி முடிக்கவும் வாந்தி வந்துவிட்டது. பாப்பா அழ ஆரம்பித்தது. நான் முன்னாலிருந்தே, "அழாதடா கண்ணு, இந்தா ஆச்சி இருக்கேன் பாரு" என்றேன். கறுப்பு நாற்காலியின் முதுகு ஆடியது.

மகன் இறங்கினான். சிந்துஜாவும் இறங்கினாள். கார் மூக்குக்கு நேராகப் போய் நின்று இருவரும் பேசினார்கள். குடை காரிலேயே இருந்தது, எடுக்கவில்லை. முன்சீட்டிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, சத்தம்தான் கேட்கவில்லை. வைப்பர் போகும், அவள் ஏதோ சொல்வாள். வைப்பர் வரும், அவன் தரையைப் பார்ப்பான். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். கடைசியில் அவன் தலையை ஆட்டினான், நன்றாக நனைந்துபோய். மழையில் நின்று அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் சம்பந்தி கவரைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நிலைமையிலும், "எங்க போயிட்டாங்க, அம்மாயி எங்க போயிட்டாங்க" என்று ஆரம்பித்தார். அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எம்மா, இங்க டிசம்பர் ரொம்ப மோசம். ஒனக்குக் குளிரு ஒத்துக்காது. நீ இப்பக் கெளம்பிரு, அத்தை இருக்கட்டும்" என்றான். எனக்கு அதுவரை ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனாலும் பாருங்கள், அம்மா உடம்பு மேல் எவ்வளவு அக்கறை! பொள்ளாச்சியிலும்தான் குளிர் கிடையாது, அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

சம்பந்திதான், "நான் வேணா ஊருக்குப் போறேனுங்க மாப்ள. தோப்பு வேலையும் கெடக்குது. சம்பந்தி இருக்கட்டுங்க" என்றார். அப்படிச் சொன்ன பிறகு மகனோ மருமகளோ ஏதாவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சிந்துஜா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். "இல்ல சம்பந்தி, எனக்கு ஊர்ல ஆயிரம் வேலை இருக்கு" என்றேன். இருக்கிறதே. இல்லாமலா?

கிளம்பும்போது வாசலில் பாப்பாவைக் கையில் வாங்கினேன். அழுதது. பசி நேரம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டி நீட்டி அழுதது. சம்பந்தி வாங்கிக்கொண்டு, "உங்களைய விட்டுப் பிரிய மனசில்லாம அழுகறாங்க சம்பந்தி" என்றார். குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறோம். எல்லாம் தெரியும்.

விமான நிலையத்துக்கு மகன் மட்டும்தான் வந்தான். நான் முன்சீட்டில். பின்னால் யாருமில்லை. வழியில் பாதி தூரம் வந்த பிறகு, "எம்மா, அடுத்த வருசம் வா. பாப்பா நடப்பா" என்றான். "வாறேன்" என்றேன். நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

உங்கள் விமானத்தைத்தான் கூப்பிடுகிறார்கள் போல இருக்கிறது. மான்செஸ்டர் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். பையை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேரனா, பேத்தியா? பேரனா. இன்னும் பார்க்கவே இல்லையா, போனில் மட்டும்தானா? சரி, சரி, போங்கள்.

ஒரு நிமிஷம். உங்கள் மகன் கார் கொண்டுவருவானா? குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருவார்களா? அப்படியானால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முன்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஏறச் சொல்வார்கள். சம்பந்தியே இறங்கி இடம் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். மரியாதைக்காக ஒன்றும் இல்லை, மரியாதை எங்கே உட்கார்ந்தாலும் மரியாதைதான். முன்சீட்டில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

மழை ஊரில் ஏது வெயில் என்கிறீர்களா? அடிக்கும், அடிக்கும். நீங்கள் போங்கள்.